இடம் மாறிய பயம்: கடலூர்க் கல்லூரி மாணவர் ஒருவரின் பாலியல் நலம் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் கடலூரில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்துவந்த 20 வயது மாணவர். பண்ருட்டிக்கு அருகில் ஒரு கிராமம் அவருடைய ஊர். தந்தை முந்திரித் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறார். தாய் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர்தான். மாணவரும், பிற்பாடு ஆலோசனைக்கு வந்த 19 வயது மாணவியும் தனித்தனியே ஒப்புதல் கொடுத்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருத்துவ உளவியலாளராகக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து சந்தித்து வருகிறேன். அந்தச் சந்திப்புகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்றை இந்த ஒரு மாணவரின் கதை முழுமையாகக் காட்டுகிறது. எச்.ஐ.வி. பரவும் வழிகளை நான்கு மதிப்பெண் கேள்விக்கான விடையாக அவர் பிசகின்றிச் சொன்னார். ஆனால் தம் உடலில் இயல்பாக நடக்கும் ஒன்றை உயிர்போகும் நோயாக நம்பி எட்டு மாதம் அவதிப்பட்டிருந்தார். உண்மையிலேயே கவனம் தேவைப்பட்ட ஒரு நிகழ்வைப் பற்றி அவருக்குத் துளிப் பயமும் இருக்கவில்லை. அறியாமை என்ற ஒரே சொல்லில் இதை அடக்கிவிட முடியாது. அவருக்குப் பயம் கற்பிக்கப்பட்டிருந்தது. அதை எங்கே வைக்க வேண்டும் என்பது கற்பிக்கப்படவில்லை.

வருகையும் முறையீடும்

மாணவர் தாமாக வரவில்லை. வருகைப் பதிவு மிகவும் குறைந்து, ஒரே பருவத்தில் மூன்று தாள்களில் அரியர் விழுந்த பிறகு, நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியர் ஒருவர் அழைத்துவந்து விட்டுப்போனார். முதல் சந்திப்பில் மாணவர் சொன்னவை உடல் சார்ந்த குறைகள் மட்டுமே: ஓயாத அசதி, இடுப்பு வலி, படித்தது மனதில் நிற்காமை, தூக்கமின்மை, உடல் எடை குறைந்துவருவது. வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டபோது பேசாமல் இருந்தார். எழுதிக் காட்டலாம் என்று காகிதத்தைக் கொடுத்த பிறகு, நெடுநேரம் யோசித்து இரண்டு வரி எழுதினார். "நரம்புத் தளர்ச்சி. கைப்பழக்கத்தால் வந்தது. இனி கல்யாணம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டார்கள்."

யார் சொன்னார்கள் என்று கேட்டதும்தான் வரலாறு வெளியே வரத் தொடங்கியது.

வரலாறு

பதினைந்து வயதிலிருந்து சுய இன்பப் பழக்கம் இருந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் முதன்முறையாகத் தூக்கத்தில் விந்து வெளியேறியபோது, தமக்கு ஏதோ நோய் வந்துவிட்டதாக நினைத்து, போர்வையை யாருக்கும் தெரியாமல் அலசிப் போட்டிருக்கிறார். பல சொட்டு இரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து ஆகிறது என்று ஊரில் அண்ணன் முறையுள்ள ஒருவர் சொன்னதை அன்றிலிருந்து நம்பிவந்தார். கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகு, காலையில் சிறுநீர் கலங்கலாகப் போவதைக் கண்டு, விந்து சிறுநீரோடு கரைந்து போகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த நிலையில்தான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட தேதியில் ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து "ஆண்மைக் குறைவு, தாது பலவீனம்" பார்க்கும் ஆட்களை நம் பக்கத்தில் அறியாதவர் கிடையாது. அந்த அறையில் நாடி பார்த்த நபர், இன்னும் ஆறு மாதம் தாமதித்திருந்தால் முழுவதும் போயிருக்கும் என்று சொல்லி, லேகியமும் சூரணமும் கொடுத்து முதல் தவணையாக 6,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். மூன்று தவணைகளில் அது 18,000 ரூபாய் ஆனது. தேர்வுக் கட்டணம், கணினி வகுப்பு என்று வீட்டில் சொல்லி வாங்கிய பணம் அது. கடைசித் தவணைக்குத் தாயின் தோடு அடகுக்குப் போயிருக்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சி அவரை நோய் பற்றிய பயத்துக்குச் சமமாக அரித்துக்கொண்டிருந்தது.

மருந்தோடு விதிக்கப்பட்ட பத்தியத்தையும் அவர் அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தார். முட்டை, மீன், புளி, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தினார். விடுதிச் சாப்பாட்டில் புளி இல்லாத நாள் ஏது? பல வேளை வெறும் தயிர்ச்சோற்றோடு எழுந்திருக்கிறார். இவற்றைவிட முக்கியமானது, தூங்கினால் விந்து போய்விடும் என்று பயந்து, இரவு இரண்டு மணி, மூன்று மணி வரை காபி குடித்து விழித்திருந்தது. அசதி, மறதி, எடைக்குறைவு ஆகிய மூன்றுக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. அவர் தேடிப்போன வைத்தியம், எந்த நோய்க்காகத் தேடினாரோ அதன் அறிகுறிகளை அவருடைய உடலில் ஒவ்வொன்றாக உண்டாக்கியிருந்தது. அறிகுறி கூடக்கூட நோய் உண்மை என்ற நம்பிக்கையும் கூடியது.

இடையில் ஒருமுறை, யாருக்கும் தெரியாத ஊரில் காட்டிக்கொள்ளலாம் என்று பேருந்து ஏறிப் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் வாசல் வரை போயிருக்கிறார். பதிவுச் சீட்டு வாங்கும் வரிசையில் என்ன தொந்தரவு என்று கேட்டால் பின்னால் நிற்பவர் காதில் விழுமே என்ற கூச்சத்தில், வரிசையில் நிற்காமலே கடலூருக்குத் திரும்பிவிட்டார். லாட்ஜ் அறையில் வரிசை கிடையாது, கதவு சாத்தியிருக்கும். அந்தக் கதவுக்காகத்தான் நம் மாணவர்கள் அங்கே போகிறார்கள் என்பதைப் படித்த மருத்துவத் துறையினர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பாலுறவு அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு முதலில் இல்லை என்றார். மூன்றாம் சந்திப்பில், நான்கு மாதங்களுக்கு முன், தாம் காதலிக்கும் மாணவியுடன் ஒருமுறை நடந்ததாகச் சொன்னார். ஆணுறை பயன்படுத்தவில்லை. அதைப் பற்றி ஏதேனும் கவலை உண்டா என்று கேட்டபோது அவர் தந்த விடை, இந்த ஆய்வை எழுதத் தூண்டிய விடை: "இல்ல மேடம், அது நல்ல பொண்ணு. நாங்க கல்யாணம் பண்ணிக்கத்தான் போறோம்."

பரிசோதனைகள்

பொது மருத்துவர் செய்த உடல் பரிசோதனையில் பிறப்புறுப்பு உட்பட எந்தக் குறைபாடும் இல்லை. எடை மட்டும் உயரத்துக்குக் குறைவாக இருந்தது. சிறுநீரில் சர்க்கரையோ கிருமியோ விந்தணுவோ இல்லை. கலங்கலுக்குக் காரணம் பாஸ்பேட் உப்பு. தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களிடமும், சில வகை உணவுக்குப் பிறகும் சாதாரணமாகக் காணப்படுவது இது. இரத்தச் சர்க்கரை, தைராய்டு இயல்பாக இருந்தன. என்னென்ன கலந்தது என்று எழுதப்படாத லேகியத்தை எட்டு மாதம் உண்டவர் என்பதால் கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடுகளையும் பார்க்கச் சொன்னோம். நல்லவேளையாக இரண்டும் சீராக இருந்தன. இத்தகைய பெயரற்ற பொடிகளில் கன உலோகங்களும் ஸ்டீராய்டும் ஆங்கில மருந்துகளும் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். லாட்ஜ் வைத்தியத்தையும் அவர்களையும் ஒன்றாகக் கருதுவது தவறு.

மனநிலை மதிப்பீட்டில் மிதமான மனச்சோர்வும், உடல்நலம் பற்றிய தீவிரப் பதற்றமும் தெரிந்தன. செத்துப்போனால் பரவாயில்லை என்ற எண்ணம் அவ்வப்போது வந்ததாக ஒப்புக்கொண்டார். அதற்கான திட்டமோ முயற்சியோ இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரிடம் அனுப்பியதில், மாத்திரை உடனடியாக வேண்டாம், ஆலோசனையைத் தொடர்ந்து நிலையைக் கவனிக்கலாம் என்று முடிவானது.

விந்து இழப்பைக் காரணமாக வைத்து அசதி, பதற்றம், சோர்வு ஆகியவை சேர்ந்து வரும் இந்த நிலையை "தாத் நோய்க்குறி" என்று 1960இல் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் பெயரிட்டு விவரித்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாட்டிலும் அதற்கு இடம் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் ஒரு நிலைக்கு, கடலூரில் ஒரு மாணவர் சுவரொட்டியின் பெயரைத் தவிர வேறு பெயர் கேள்விப்படவில்லை.

அவருக்குத் தெரிந்தவை

அறிவு மதிப்பீட்டைத் தேர்வு போல நடத்தாமல் உரையாடலாகவே செய்தேன். எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்றேன். பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்காத இரத்தம், ஒருவர் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்று வரிசையாகச் சொன்னார். கல்லூரியின் எய்ட்ஸ் விழிப்புணர்வு அமைப்பான செஞ்சுருள் சங்கம், உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று நடத்திய வாசகம் எழுதும் போட்டியில் சான்றிதழும் வாங்கியவர் அவர். பாதுகாப்பற்ற உடலுறவு என்றால் என்ன என்று கேட்டேன். "தப்பான ஆளுங்களோட போறது" என்றார்.

கல்வியின் தோல்வி முழுவதும் அந்த விடைக்குள் இருக்கிறது. பாதுகாப்பு என்பதை அவர் ஆணுறையோடும் பரிசோதனையோடும் இணைத்துப் பார்க்கவில்லை. எதிரில் இருப்பவரின் நடத்தையோடு இணைத்துக்கொண்டார். நல்லவர், கெட்டவர் என்று ஆட்களைப் பிரித்து, கெட்டவரிடமிருந்து நோய் வரும் என்று கற்ற மாணவருக்கு, காதலியும் வருங்கால மனைவியும் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகள் பலரிடம் அறிகுறியே இல்லாமல் இருக்கும் என்பதும், கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) உடலுறவால் பரவும் என்பதும் அவர் கேட்டிராத செய்திகள். சிபிலிசுக்குப் பென்சிலின் ஊசியால் முழுக் குணம் உண்டு என்றபோது வியந்தார். பால்வினை நோய் என்றாலே எய்ட்ஸ், எய்ட்ஸ் என்றாலே சாவு என்று நினைத்திருந்தார். எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்தைத் தவறாமல் எடுத்தால் நெடுநாள் வாழலாம் என்பதும், ஆபத்தான தொடர்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து உண்டு என்பதும் எந்த வாசகப் போட்டியிலும் அவர் காதுக்கு எட்டவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு என்பதால் எனக்கு வருத்தம் அதிகம். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது சென்னையில்தான். நுண்ணுயிரியலாளர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவரிடம் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இங்கே தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாக, ஆலோசனையோடு, ஒப்புதல் பெற்றுப் பரிசோதிக்கும் நம்பிக்கை மையங்களும், பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையங்களும் உருவாகின. இத்தனை இருந்தும், கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அந்த அறைகள் எதற்காக இருக்கின்றன என்று இவருக்குத் தெரியவில்லை. 2019-21ஆம் ஆண்டின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியர்களுள் எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு உள்ளவர்கள் பெண்களில் 21.6 விழுக்காடு, ஆண்களில் 30.7 விழுக்காடு மட்டுமே.

பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் உண்டு. தாவரத்தின் மகரந்தச் சேர்க்கையை இரண்டு வகுப்பு நடத்திய ஆசிரியர், மனித இனப்பெருக்கத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவை எடுத்ததால் உயிரியல் அத்தோடு முடிந்துவிட்டது. கலை, வணிகவியல் மாணவர்களுக்குக் கல்லூரி வந்த பிறகு உடலைப் பற்றிப் பாடமாகப் படிக்க வழியே இல்லை என்பதைக் கல்லூரிகள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மிச்சத்தைக் கைப்பேசி நிரப்புகிறது. அதில் பார்க்கும் படங்களை அளவுகோலாக வைத்து, தம் உடல் சிறியது, தம் திறன் போதாது என்று அளந்துகொள்ளும் மாணவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். இவரும் அவ்வாறே அளந்துகொண்டிருந்தார்.

மாணவியின் தரப்பு

மாணவர் காதலிக்கும் அந்த மாணவி, தம் வகுப்புத் தோழி ஒருவரின் துணையோடு, சில வாரங்கள் கழித்து, மாணவர் இல்லாமல் வந்தார். ஒரே நிகழ்வு இவருக்கு முற்றிலும் வேறொன்றாக இருந்திருக்கிறது.

நடந்த மறுநாளே அவசரக் கருத்தடை மாத்திரை பற்றித் தோழி சொல்லி, இருவரும் இரண்டு மருந்துக் கடைகளில் கேட்டிருக்கிறார்கள். இரண்டிலும் அப்படி ஒன்று வைத்திருப்பதில்லை என்ற பதில்தான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க 2005ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் அனுமதி உள்ள மருந்து. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு பயன் தரும். இருந்தாலும் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. அரசு மருத்துவமனைப் பெண் மருத்துவரிடம் கேட்கலாம் என்றோ, ஐந்து நாளுக்குள் காப்பர் டி பொருத்திக்கொள்வதும் அவசரத் தடுப்பாகும் என்றோ அந்த இரு பெண்களுக்கும் யார் சொல்லியிருப்பார்கள்?

அந்த மாதம் மாதவிடாய் பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. மருந்துக் கடையில் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கி ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம். மறுபடி கடைக்காரர் முகத்தைப் பார்க்கத் துணியாமல், பப்பாளிக் காயும் எள்ளும் வெல்லமுமாகத் தின்று, இரவெல்லாம் அழுதிருக்கிறார். பிறகு மாதவிடாய் வந்துவிட்டது. கவலையாலும் பட்டினியாலும் சுழற்சி தள்ளிப்போவது சாதாரணம் என்று தெரியாததால், தம் கர்ப்பப்பையில் ஏதோ கெட்டுவிட்டது என்ற முடிவோடு அவர் வந்திருந்தார். அத்துடன் வெள்ளைப்படுதலும் இருந்தது. எலும்பு உருகி வெளியேறுகிறது என்று ஆயா சொன்னாராம். ஆணுக்கு விந்து, பெண்ணுக்கு வெள்ளை; உடலின் சத்து கசிந்து போகிறது என்ற ஒரே பயத்தை இரண்டு பாலினத்துக்கும் நம் ஊர் தனித்தனியாகக் கொடுத்து வைத்திருக்கிறது. மகப்பேறு மருத்துவர் பார்த்ததில் அது தொற்றில்லாத இயல்பான கசிவு என்று தெரிந்தது. நிறம் மாறினாலோ, நாற்றமோ அரிப்போ இருந்தாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

கர்ப்பமாகியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். கல்யாணம் ஆகாதவர்களுக்குக் கலைப்பு செய்தால் போலீஸ் கேஸ் ஆகும் என்று நினைத்ததாகச் சொன்னார். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டபோது, கருத்தடை பலனளிக்காமல் போவது பற்றிய பகுதியில் "கணவர்" இருந்த இடத்தில் "இணையர்" என்ற சொல் வந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் அந்தச் சட்டத்தின் பயன் சமமாக உண்டு என்று தீர்ப்பளித்தது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சொந்த ஒப்புதலே போதும். அவர் பெயரை வெளியிடுவது குற்றம். இவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னபோது, அவரைவிட உடன் வந்த தோழிதான் மிகுந்த கவனத்தோடு குறித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் நாங்கள் பேசியது சம்மதத்தைப் பற்றி. வற்புறுத்தலா என்று கேட்டதற்கு இல்லை என்றார். விருப்பமா என்று கேட்டதற்கு உடனே விடை வரவில்லை. "வேணாம்னு சொல்லல மேடம். சரின்னும் சொல்லல. கோவிச்சுக்கிட்டுப் போயிடுமோன்னு இருந்துச்சு." புகார் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு, எப்போது விரும்பினாலும் துணை நிற்பேன் என்பதைத் தெளிவாகச் சொன்னேன், அவர் அந்த வழியை விரும்பவில்லை. அந்த முடிவு அவருடையது. ஆனால் பேசாதிருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும், அதற்கு முன்பிருந்த தண்டனைச் சட்டத்தைப் போலவே, சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கிடமின்றித் தெரிவிக்கும் விருப்பத்தைத்தான் சம்மதம் என்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்பது மட்டுமே சம்மதம் ஆகிவிடாது.

சிகிச்சையின் போக்கு

மாணவருக்கு முதலில் செய்தது, லேகியத்தையும் பத்தியத்தையும் நிறுத்தியதும் தூக்கத்தை ஒழுங்குபடுத்தியதும்தான். உடலியல் விளக்கத்துக்குப் பல அமர்வுகள் பிடித்தன. படம் வரைந்து விளக்கினேன். விந்து இரத்தத்திலிருந்து வடிப்பது அன்று. விந்தகங்கள், விந்துப் பைகள், புராஸ்டேட் சுரப்பி ஆகியவை சுரக்கும் நீரின் சேர்க்கை. ஒருமுறை வெளியேறுவது சில மில்லிலிட்டர். ஒரு விந்தணு முதிர ஏறத்தாழ 70 நாள் ஆனாலும் உற்பத்தி ஒரு நாளும் நிற்பதில்லை. எச்சில் ஊறுவதைப் போல ஊறிக்கொண்டேயிருக்கும் ஒன்று இது. தூக்கத்தில் வெளியேறுவது அந்த ஓட்டத்தின் பகுதி. சுய இன்பத்தால் நரம்போ எலும்போ அறிவோ தளர்வதில்லை. படிப்பும் உறக்கமும் கெடும் அளவுக்கு அது பெருகினால் அப்போது பேச வேண்டியது பழக்கத்தைப் பற்றி, விந்தைப் பற்றி அன்று.

தகவல் மட்டும் போதவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டியவர், அடுத்த வாரம் ஒருநாள் தூக்கத்தில் விந்து வெளியேறியதும் பழைய பயத்தோடு வந்து நின்றார். எனவே ஒரு குறிப்பேட்டில் தினமும் தூங்கிய நேரம், சாப்பிட்டது, அசதியின் அளவு, விந்து வெளியேற்றம் ஆகியவற்றை எழுதச் சொன்னேன். சில வாரத்தில் அவரே கண்டுகொண்டார்: அசதி கூடிய நாட்கள் விந்து வெளியேறிய நாட்கள் அல்ல, சரியாகத் தூங்காத நாட்கள். என் விளக்கத்தைவிட அவர் கைப்பட எழுதிய அந்தப் பக்கங்கள் அவரை மாற்றின. மூன்று மாதத்தில் எடை கூடியது; வகுப்புக்குத் திரும்பினார்; அரியர் தாள்களுக்குப் பணம் கட்டினார். அடகு வைத்த தோட்டைப் பற்றித் தாயிடம் உண்மையைச் சொல்ல அவர் எடுத்த முடிவுக்கு நான் துணை மட்டுமே. தாய் அழுதாராம், பிறகு, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே, அது போதும்" என்றாராம்.

நம்பிக்கை மையத்துக்கு இருவரும் வெவ்வேறு நாட்களில் சென்று பரிசோதித்துக்கொண்டார்கள். தொடர்பு நேர்ந்து மூன்று மாதம் கடந்திருந்ததால் எச்.ஐ.வி. இல்லை என்ற முடிவை உறுதியாக ஏற்க முடிந்தது. சிபிலிஸ், கல்லீரல் அழற்சி பி சோதனைகளிலும் தொற்று இல்லை. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அட்டவணையில் வந்தது 2011இல்தான். அதற்கு முன் பிறந்த இவர்களைப் போன்ற மாணவர்களில் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். இருவருக்கும் மூன்று தவணை ஊசி பரிந்துரைக்கப்பட்டது.

வகுப்பறைச் சீட்டுகள்

இந்த மாணவர் தனி விதிவிலக்கா என்று அறிய, அதே வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் பெயர் எழுதாமல் கேள்வி போடும் பெட்டி வைத்து ஒரு கலந்துரையாடல் நடத்தினேன். சீட்டுகளை எண்ணிக்கையாக இங்கே தர விரும்பவில்லை. அது முறையான கணக்கெடுப்பு அன்று. ஆயினும் போக்கு தெளிவாக இருந்தது. ஆண்கள் பெட்டியில் எச்.ஐ.வி. பற்றிய கேள்வி அரிதாகவே இருந்தது; "நைட் ஃபால்" (தூக்கத்தில் விந்து வெளியேறுவது), அளவு, சீக்கிரம் முடிந்துவிடுவது, கைப்பழக்கத்தை நிறுத்த மருந்து ஆகியவையே மீண்டும் மீண்டும் வந்தன. பெண்கள் பெட்டியில் நீர்க்கட்டி, வெள்ளைப்படுதல், மாதவிடாய் வலி ஆகியவற்றோடு, சைக்கிள் ஓட்டினால் கன்னித்திரை கிழியுமா, கிழிந்தால் கணவருக்குத் தெரிந்துவிடுமா என்ற கேள்வியும் பல சீட்டுகளில் இருந்தது. கன்னித்திரை பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும், அதைக் கொண்டு யாருடைய கடந்தகாலத்தையும் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது என்று நான் சொன்னதும் அந்தக் கூடத்தில் எழுந்த சலசலப்பு நிம்மதியின் சலசலப்பு. தம் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு இருப்பதாக எழுதி, இது குணமாகுமா என்று கேட்ட சீட்டுகளும் உண்டு. இது நோயன்று, குணமாக்க எதுவும் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு குற்றமும் அன்று. மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது என்று பொதுவாகவே விளக்கினேன், எழுதியவர் யாரென்று யாரும் திரும்பிப் பார்க்காதபடி.

மாணவர்களின் கருத்துகளில் ஒரு முரணைக் கண்டேன். கல்லூரியில் பாலியல் கல்வி வேண்டுமா என்றால் ஏறக்குறைய எல்லோரும் வேண்டும் என்கிறார்கள். ஆணுறை கேட்டு வாங்கும் பெண்ணைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றால், அதே மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

செய்யக்கூடியவை

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம், பாலியல் திறனைக் கூட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களைத் தடைசெய்கிறது. சட்டம் அமலில் இருக்கும்போதே பேருந்து நிலையச் சுவர்களில் அவை ஒட்டப்படுகின்றன. அவற்றை அகற்றுவது நகராட்சிக்கும் காவல்துறைக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எட்டாத வேலை அன்று. அகற்றிய இடம் வெறுமையாக இருந்தால் வேறொரு சுவரொட்டி வரும். அந்த இடத்தில் நம்பிக்கை மையத்தின் அறை எண்ணும், 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணும், 104 மருத்துவ உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. டிசம்பர் மாதக் கோலப் போட்டியோடும் மனிதச் சங்கிலியோடும் அது நின்றுவிடுவதுதான் குறை. முதலாண்டு மாணவர் சேர்ந்த முதல் பருவத்திலேயே, தேர்வில்லாத, மதிப்பெண் இல்லாத சில அமர்வுகளில், நோயைத் தொடும் முன் உடலைப் பற்றிப் பேச வேண்டும். ஆண்களுக்கு விந்து பற்றியும் பெண்களுக்கு மாதவிடாய் பற்றியும் தனித்தனியே பேசிவிட்டு நிறுத்தாமல், இருபாலருக்கும் இரண்டையும் சொல்ல வேண்டும். சம்மதம் பற்றிய அமர்வில் இருபாலரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். குழந்தைகளின் பாலியல் சுரண்டல் காட்சிகள் பற்றிய வழக்கில் 2024 செப்டம்பர் 23 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், சென்னையிலிருந்து போன அந்த மேல்முறையீட்டில், விரிவான பாலியல் கல்வியின் தேவையை வலியுறுத்தியது. ஆணுறையைக் காட்டி விளக்கினால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு துறைத் தலைவர் என்னிடம் வருந்தினார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவருடைய வகுப்பிலும் லாட்ஜ் அறைக்குப் போய்வந்த பிள்ளைகள் இருப்பார்கள்.

தொடர் நிலை

ஆறாம் மாதத் தொடர் சந்திப்பில் மாணவரின் மனச்சோர்வு மதிப்பெண் இயல்பு நிலைக்கு வந்திருந்தது. இரண்டு அரியர் தாள்களில் தேர்ச்சி பெற்றிருந்தார். மாணவியிடம் அனுமதி பெற்று, அன்று நடந்ததை அவர் எப்படி உணர்ந்தார் என்பதை இருவரையும் அமர்த்திப் பேசினோம். மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அது புடிக்கலன்னு எனக்குத் தெரியவே தெரியாது மேடம்" என்றார். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று மாணவி சொன்னார். படிப்பு முடியும்வரை உடலுறவு வேண்டாம் என்பது அவருடைய முடிவு, மாணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். உறவு தொடருமா என்பதை இருவரும் இன்னும் தீர்மானிக்கவில்லை. மாணவி தொடர்ந்து தனியாக வருகிறார். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். அவர் வயதில் ஆறு மாதத்துக்குள் மூன்று தவணை போட வேண்டும் என்பதால், பருவத் தேர்வு முடிந்ததும் முதல் ஊசிக்கு நாள் குறித்திருக்கிறார்.